சொக்கலேற்றின் இனிமையும் கொக்கோவின் விலையும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் மன்னர், போர், உடன்படிக்கை என்பனவே மாணவர் மனத்தில் முதலில் எழுவன. மனிதன் உண்டவற்றிற்கும் பருகியவற்றிற்கும் வரலாறு உண்டென்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தேயிலையின் வரலாற்றை அறியாது மலையகத்தின் வரலாற்றை எழுத முடியாது. அதுபோலவே, சீனி, கோப்பி, கொக்கோ ஆகியவற்றின் வரலாற்றை ஒதுக்கிவிட்டு ஐரோப்பிய விரிவாக்கத்தின் வரலாற்றையும் எழுத முடியாது. இவற்றுள் கொக்கோவையும் அதனின்றும் பிறக்கும் சொக்கலேற்றையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

உயர்தரமானது என இன்று விற்கப்படும் சொக்கலேற்றின் உறையிலே இரு முத்திரைகளைப் பெரும்பாலும் காணலாம். ஒன்று, கொக்கோ சேதன முறையில், அதாவது இரசாயனப் பசளையும் பீடைகொல்லியும் இன்றி விளைவிக்கப்பட்டது என்று கூறும். மற்றது, நியாய வர்த்தக அடிப்படையில் விவசாயியிடமிருந்து வாங்கப்பட்டது என்று கூறும். அச்சொக்கலேற்றின் சுவை பற்றி ஐயமில்லை. ஒடிக்கும்போது எழும் தெளிந்த ஓசை, மனித உடலின் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே இளகும் கொக்கோ வெண்ணெய் நாவிற் பரவும் விதம், முதலிற் கைத்துப் பின்னர் பழத்தின் புளிப்பாகவும் வறுத்த பருப்பின் மணமாகவும் மாறும் சுவை ஆகியவற்றை ஒருமுறை அனுபவித்தவர் சாதாரண இனிப்புக் கட்டியிற் பின்னர் நிறைவு காணார். ஆயின், அம்முத்திரைகள் எவ்வாறு தோன்றின என்று வினவினால், மேலைநாட்டு நுகர்வோரின் மனச்சாட்சி விழித்ததனால் என்ற விடையே பொதுவாகத் தரப்படுகிறது. இவ்விடை பாதி உண்மையே. நியாய விலை என்பதை முதலிற் கேட்டவர் கொக்கோவை விளைவித்தவரே. அவர் அதனைக் கெஞ்சிக் கேட்கவில்லை. விற்க மறுத்துக் கேட்டார். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொக்கலேற்றின் தரம் எங்கே உண்டாகிறது என்பதை முதலிலே தெளிவுபடுத்தல் வேண்டும். மாத்தளைப் பகுதியில் வளர்ந்தோர்க்குக் கொக்கோ மரம் புதியதன்று. மிளகுக் கொடிக்கும் தென்னைக்கும் நடுவே நிழலில் நின்று, கிளை நுனியில் அன்றி அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கும் விந்தை மரம் அது. காயை உடைத்து விதையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையைச் சப்பி, விதையைத் துப்பிவிடுவது எமது சிறுபராய வழக்கம். துப்பிய அவ்விதையே சொக்கலேற் என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம். ஏனெனில் பச்சை விதையிற் கைப்பும் துவர்ப்புமன்றி வேறெதுவும் இல்லை. விதைகளைச் சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் நொதிக்கவிட்டு, இடையிடையே கிளறி, வெயிலிற் பரப்பிப் பக்குவமாக உலர்த்தினால் மாத்திரமே பின்னர் வறுக்கும்போது சொக்கலேற்றின் மணம் பிறக்கும். இவ்வேலை முழுவதும் விவசாயியின் கையிலேயே நடைபெறுகின்றது. அங்கே அவசரப்பட்டால், சுவிற்சலாந்தின் மிகத் திறமையான இயந்திரமும் அச்சுவையை மீட்டுத் தர முடியாது. குறைந்த விலை பெறும் விவசாயி நொதித்தலுக்குக் காத்திரான் என்பது எளிதில் விளங்கும். எனவே தரமும் நியாய விலையும் இருவேறு பொருள்களல்ல.

கொக்கோவின் பழைய வரலாற்றை இங்கு விரித்தல் அவசியமன்று. மத்திய அமெரிக்காவின் மாயரும் பின்னர் அஸ்தெக் மக்களும் அதனைப் பானமாக அருந்தினர். அஸ்தெக் அரசிற் கொக்கோ விதை நாணயமாகவும் திறைப்பொருளாகவும் வழங்கியது. ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்ற அப்பானம் நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1828 இல் ஒல்லாந்தரான வான் ஹூற்றன் கொக்கோவிலிருந்து வெண்ணெயைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847 இல் பிரிஸ்ரல் நகரின் பிறை கம்பனி உண்ணத்தக்க சொக்கலேற் கட்டியைச் செய்தது. 1879 இல் சுவிற்சலாந்தின் லின்ற் அதனை நீண்டநேரம் அரைத்து மென்மையாக்கும் முறையைக் கண்டார். இவற்றின் பயனாகத் தொழிற்சாலைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய பண்டமாகச் சொக்கலேற் மாறியது. தேவை பெருகியது. அத்தேவையை நிறைவு செய்யும் கொக்கோவை எவர், எந்நிலையில் விளைவித்தனர் என்ற வினா அப்போதுதான் எழுந்தது.

இங்கிலாந்தின் பெரிய சொக்கலேற் கம்பனிகளான பிறை, கட்பரி, ரவுன்றி ஆகிய மூன்றும் குவேக்கர் சமயக் குழுவினருக்குரியவை. குவேக்கர்கள் அடிமை வியாபார ஒழிப்பில் முன்னின்றவர்கள். கட்பரி குடும்பத்தினர் பர்மிங்காம் நகருக்கு வெளியே போர்ண்வில் என்னுமிடத்திற் பூங்காக்களும் நல்ல வீடுகளும் கொண்ட மாதிரிக் கிராமமொன்றை அமைத்துப் புகழ் பெற்றவர்கள். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களது கொக்கோவின் ஏறத்தாழப் பாதி, மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே, பிரின்சிப்பே என்னும் போர்த்துக்கேயத் தீவுகளிலிருந்தே வந்தது. சட்டத்தின்படி அங்கு அடிமை முறை ஒழிந்துவிட்டது. தொழிலாளர் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள் எனப்பட்டனர். உண்மையில் அங்கோலாவின் உட்பகுதியிற் பிடிக்கப்பட்டும் வாங்கப்பட்டும் கரைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்களுள் ஊர் திரும்பியோர் இல்லையெனலாம். ஒப்பந்தம் முடிந்ததும் அது தானே புதுப்பிக்கப்பட்டது. துண்டு முறையின் கடன் நினைவு இன்னும் மறையாத நம் நாட்டு வாசகர்க்கு, ஒப்பந்தம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு மறைக்கலாம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் இரண்டும் ஒன்றெனக் கூறுதல் தவறாகும். அங்கோலாவிலிருந்து சென்றவர்க்குத் திரும்பும் வழி என்பதே இருக்கவில்லை.

1901 இல் தோட்டமொன்றின் விற்பனை விளம்பரத்தில், கட்டிடங்களோடும் கால்நடைகளோடும் தொழிலாளரும் சொத்தாகக் கணக்கிடப்பட்டிருந்ததை வில்லியம் கட்பரி கண்டார். அவர் செயலற்றிருந்தார் எனக் கூற முடியாது. 1903 இல் லிஸ்பன் சென்று அதிகாரிகளைச் சந்தித்தார். 1905 இல் யோசப் பேற் என்பவரைத் தீவுகளுக்கு அனுப்பி விசாரிக்கச் செய்தார். ஆயின் விசாரணைகள் நடந்த அவ்வாண்டுகள் முழுவதும் கொள்வனவும் நடந்தது. இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் அங்கோலாவின் அடிமைப் பாதையிலே பயணம் செய்து, வழியெங்கும் கைவிடப்பட்டுக் கிடந்த மரத்தாலான விலங்குகளை நேரிற் கண்டெழுதினார். அவரது நூல் 1906 இல் வெளிவந்தது. 1908 செப்டெம்பரில் ஸ்ரான்டர்ட் என்னும் இலண்டன் பத்திரிகை, கட்பரியின் அறப்பணியையும் அடிமைக் கொக்கோவையும் அருகருகே நிறுத்தி ஏளனம் செய்தது. கட்பரி கம்பனி மானநட்ட வழக்குத் தொடர்ந்தது. 1909 மார்ச்சில் மூன்று ஆங்கிலக் கம்பனிகளும் கொலோன் நகரின் ஸ்ரொல்வேக் கம்பனியும் அத்தீவுகளின் கொக்கோவைப் பகிஷ்கரித்தன. அவ்வாண்டின் இறுதியில் வழக்கு பர்மிங்காமில் விசாரணைக்கு வந்தது. தமது கொக்கோவுக்காக உயிரிழந்தோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டதுண்டா என்ற பொருள்பட, பத்திரிகையின் சார்பிற் தோன்றிய எட்வேட் காசன் வில்லியம் கட்பரியைக் குறுக்கு விசாரணையிற் கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று. யூரிமார் கட்பரிக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். நட்டஈடாக அவர்கள் விதித்த தொகை ஒரு பார்திங், அதாவது ஒரு பென்னியின் நாலிலொரு பங்கு.

நுகர்வோரின் மனச்சாட்சி என்று நாம் மேலே குறிப்பிட்டதன் வலிமையும் வரம்பும் இவ்வழக்கிலே ஒருங்கே தெரிகின்றன. எட்டாண்டு தாமதித்தேனும் அது பகிஷ்கரிப்பில் முடிந்தது. ஆனால், கம்பனிகள் துணிந்து விலகியபோது வேறோரிடத்தில் நல்ல கொக்கோ கிடைக்கத் தொடங்கியிருந்தது என்பதையும் வரலாற்று மாணவன் நோக்காதிருத்தல் இயலாது. பொற்கரை எனப் பொருள்படும் பெயரால் அன்று வழங்கிய இன்றைய கானாவே அவ்விடம்.

அங்கு நிகழ்ந்தது தோட்டத்துரைமாரின் சாதனையன்று. ரெற்றே குவாஷி என்னும் கொல்லர் 1879 அளவிற் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்து மாம்பொங் என்ற ஊரில் நட்டார் என்பது அந்நாட்டு வரலாற்றிற் போற்றப்படும் செய்தி. பாசல் மிசனரிமாரும் முன்னரே முயன்றிருந்தனர். ஆயினும் பயிரைப் பரப்பியோர் சாதாரணக் கிராமத்தவரே. 1891 இல் 80 இறாத்தலாக இருந்த ஏற்றுமதி, 1911 இல் ஏறத்தாழ 40,000 தொன்னாகி, உலகின் முதன்மை உற்பத்தி நாடாகப் பொற்கரையை ஆக்கிற்று. இவ்விவசாயிகள் அறியாமையில் உழன்றோர் என்ற கருத்தைப் பொலி ஹில் அம்மையார் 1963 இல் வெளியிட்ட ஆய்வு தகர்த்தது. அவர்கள் கூட்டாகப் பணம் சேர்த்துத் தூரத்துக் காடுகளை விலைக்கு வாங்கி, வருமானத்தை மீண்டும் நிலத்தில் முதலிட்டோர் என்பதை அவர் நிறுவினார். ஐரோப்பியரின் மூலதனமின்றி இது நடந்தது என்பது பெருந்தோட்டமே முன்னேற்றம் எனப் படித்த நமக்குச் சிந்திக்கத்தக்கதாகும்.

விளைவித்தவர் ஆபிரிக்கர், வாங்கி ஏற்றியவர் ஐரோப்பியக் கம்பனிகள். 1937 இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, ஐக்கிய ஆபிரிக்கக் கம்பனியும் கட்பரியும் உள்ளிட்ட கொள்வனவாளர் தமக்குள் போட்டியிடுவதில்லை என்று கொள்வனவு உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டனர். ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் அவர்கள் கையிலேயே இருந்தமையால், இதன் பொருள் விலையை அவர்களே நிர்ணயிப்பர் என்பதாகும். விவசாயிகள் தந்த விடை எளிமையானது: விற்கமாட்டோம். 1937 இன் இறுதி மாதங்களிலிருந்து 1938 ஏப்ரில் வரை, அறுவடையின் முக்கிய பருவம் முழுவதும், கொக்கோ களஞ்சியங்களிலே கிடந்தது. இதற்கு முன்னும் சிறு மறுப்புகள் நடந்ததுண்டு. இவ்வளவு பெரிதாக ஒருபோதும் நடந்ததில்லை. கிராமத் தலைவர்கள் விற்பனையைத் தடை செய்தனர். லொறிச் சாரதிகள் ஏற்ற மறுத்தனர். ஐரோப்பியக் கடைகளின் இறக்குமதிப் பொருள்களும் பகிஷ்கரிக்கப்பட்டன. உலர்த்திய கொக்கோ ஈரலிப்பிற் கெடக்கூடியது. அதனை வீட்டில் வைத்துக்கொண்டு கடன்காரனுக்கு மறுமொழி சொல்வது சிறிய காரியமன்று. அந்த ஆறு மாதங்களையும் நாடகமாக்க ஒருவர் முன்வந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசை இக்கட்டுரைக்கு வேண்டாதது. ஆயினும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

பிரித்தானிய அரசு நொவெல் என்பவரின் தலைமையில் ஆணைக்குழுவொன்றை அனுப்பியது. 1938 இல் வந்த அதன் அறிக்கை, கொள்வனவு உடன்படிக்கையைக் கண்டித்தது. உலகப் போர் தொடங்கியதும் அரசே கொக்கோ முழுவதையும் வாங்கலாயிற்று. 1947 இல் கொக்கோ சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. விவசாயி வென்றான் என்று இவ்விடத்தில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் சபை உலக விலைக்கும் விவசாயிக்குக் கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள பெருந்தொகையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1954 இல் உலக விலை உச்சத்திலிருந்த வேளையில், நிக்ருமாவின் அரசாங்கம் 60 இறாத்தல் சுமைக்கு 72 சிலிங் என நான்கு ஆண்டுகளுக்கு விலையைக் கட்டிவைத்தது. அடுத்த மாதமே குமாசியிலே தேசிய விடுதலை இயக்கம் தோன்றியது. அசாந்தி மக்களின் பிரதேச உணர்வு அதற்கு ஒரு காரணம். கொக்கோ விலை மற்றொரு காரணம். அப்பணத்தாற் பாடசாலையும் வைத்தியசாலையும் வீதியும் அமைந்தன என்பது மறுக்கத்தக்கதன்று. எனினும், தன் விளைபொருளின் விலையைத் தீர்மானிக்கும் உரிமை அந்நிய கம்பனியிடமிருந்து தன் நாட்டு அரசிடம் சென்றதேயன்றி விவசாயியிடம் வரவில்லை.

நியாய வர்த்தக முத்திரை என்று இன்று அறியப்படுவது இதற்கு அரை நூற்றாண்டு பின்னரே தோன்றியது. 1988 இல் ஒல்லாந்திலே மெக்சிக்கோ விவசாயிகளின் கோப்பிக்காக முதல் முத்திரை வெளிவந்தது. யாவாவில் ஒல்லாந்தராட்சியின் சுரண்டலைக் கண்டித்து 1860 இல் வெளியான நாவலின் நாயகனான மக்ஸ் ஹவலார் என்பவனின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிரித்தானியாவிலே அத்தகைய முத்திரை பெற்ற முதற்பொருள் சொக்கலேற்றே. 1994 இல் கிறீன் அன்ட் பிளாக்ஸ் என்னும் சிறிய கம்பனி வெளியிட்ட, தோடம்பழச் சுவையும் வாசனைத் திரவியங்களும் கலந்த மாயா கோல்ட் என்பதே அது. அதன் கொக்கோ பெலீஸ் நாட்டின் தென்கோடியான தொலெடோ மாவட்டத்து மாயர்களிடமிருந்து வந்தது. 1980களில் அம்மக்கள் கலப்பின மரங்களையும் இரசாயனப் பொருள்களையும் கொண்டு விளைச்சலைப் பெருக்குமாறு ஊக்குவிக்கப்பட்டனர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலை வீழ்ந்தபோது, பறிக்கும் கூலிக்கும் கட்டாது எனக் காய்களை மரத்திலேயே விட்டனர். அந்நிலையிற்தான் சேதனக் கொக்கோவுக்குச் சந்தையைவிட உயர்ந்த விலையைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யும் ஒப்பந்தம் அவர்களது சங்கத்துக்குக் கிடைத்தது.

சேதனப் பயிர்ச்செய்கை கொக்கோவுக்குப் பொருந்துவதற்கு இயற்கைக் காரணமும் உண்டு. கொக்கோப் பூவில் மகரந்தச் சேர்க்கையைச் செய்வது கொசுவினும் சிறிய ஒருவகைப் பூச்சி. அது மரத்தடியில் அழுகும் இலைகுழைகளிலும் காய்க்கோதுகளிலும் பெருகுவது. கண்மூடித்தனமாகப் பீடைகொல்லி தெளிப்பவன் பீடையோடு இதனையும் கொல்கிறான். ஆனால் இரசாயனத்தைக் கைவிடும்போது விளைச்சல் குறையலாம்; களை பிடுங்கும் உழைப்பு நிச்சயம் கூடும். அதற்கான ஈடு விலையில் இருத்தல் வேண்டும். 2021 இல் இலங்கையிலே இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையாற் தடை செய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்டதை நாம் கண்டோம். தொலெடோவில் விலையும் ஒப்பந்தமும் முதலில் வந்தன. இங்கு ஆணை மாத்திரமே வந்தது.

கானாவிலும் புதியதொரு முயற்சி பிறந்தது. உள்நாட்டுக் கொள்வனவில் தனியார்க்கும் இடமளிக்கப்பட்டதைப் பயன்படுத்தி, 1993 இல் விவசாயிகள் குவாப்பா கொக்கூ என்னும் கூட்டுறவை அமைத்தனர். நல்ல கொக்கோ விவசாயி என்பது அப்பெயரின் பொருள். தராசிலே ஏமாற்றப்படுவது அங்கு பழைய குறை. எனவே உறுப்பினர் தம்முள் ஒருவரையே நிறுப்பதற்குத் தெரிவு செய்தனர். 1998 இல் டிவைன் என்ற சொக்கலேற்றை விற்கப் பிரித்தானியாவில் கம்பனி தொடங்கப்பட்டபோது அதன் பங்குகளில் மூன்றிலொன்று இக்கூட்டுறவுக்கு உரியதாயிற்று. 2006 இல் அது 45 வீதமாக உயர்ந்தது. விதையை விற்பவர் கட்டியின் இலாபத்திலும் பங்கு கொண்டதே இதன் சிறப்பு. 2020 இல் அக்கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஜேர்மனிய நிறுவனமொன்றின் கைக்கு மாறின; கூட்டுறவின் பங்கு சுருங்கிற்று.

முத்திரைகளின் கதையும் நேர்கோட்டில் ஏறியதன்று. கிறீன் அன்ட் பிளாக்ஸ் கம்பனியைக் கட்பரி 2005 இல் வாங்கியது. கட்பரியைக் கிறாவ்ற் என்னும் அமெரிக்கக் கம்பனி 2010 இல் வாங்கியது. 2016 இல் கட்பரி தன் சொக்கலேற்றுக்குப் பொது முத்திரையை விடுத்துத் தனது சொந்தத் திட்டத்தின் பெயரை முதன்மைப்படுத்துவதாக அறிவித்தது. தானே சோதித்துத் தானே சான்று வழங்குவது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம். 2017 இல் கிறீன் அன்ட் பிளாக்ஸ் பெயரிலேயே சேதன முத்திரையும் நியாய வர்த்தக முத்திரையும் இல்லாத கட்டி ஒன்று கடைக்கு வந்தது. கொக்கோத் தோட்டங்களிற் சிறுவர் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை 2005 இற்குள் ஒழிப்பதாகப் பெருங்கம்பனிகள் 2001 இல் அளித்த வாக்குறுதியோ மீண்டும் மீண்டும் பிற்போடப்பட்டது. கானாவிலும் ஐவரி கோஸ்ற்றிலும் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர் கொக்கோ உற்பத்தியில் ஈடுபட்டிருந்தனர் எனச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் 2020 இல் அறிக்கையிட்டது.

இவற்றைக் கொண்டு முத்திரை பயனற்றது என்போரும் உளர். அது மிகை. 2019 ஒக்டோபரில் நியாய வர்த்தக அமைப்பு கொக்கோவின் ஆகக் குறைந்த விலையைத் தொன்னுக்கு 2,000 டொலரிலிருந்து 2,400 டொலராக உயர்த்தியது. சேதனக் கொக்கோவுக்கு மேலும் 300 டொலர், சங்கத்தின் பொதுத்தேவைக்கு 240 டொலர் எனவும் வகுத்தது. சந்தை விலை வீழும் ஆண்டுகளில் இது பட்டினிக்கும் பள்ளிச் செலவுக்கும் இடையிலான வேறுபாடாகலாம். இதில் உள்ள குறை வேறு. சங்கம் விளைவிப்பதில் எவ்வளவை இந்நிபந்தனையின்படி வாங்குவது என்பதை வாங்குபவரே தீர்மானிக்கிறார். மீதி சாதாரணச் சந்தைக்கே செல்கிறது. அதே 2019 இல் கானாவும் ஐவரி கோஸ்ற்றும் ஒன்றிணைந்து, தம் கொக்கோவுக்குத் தொன்னொன்றுக்கு 400 டொலர் மேலதிகமாகத் தரவேண்டும் எனக் கம்பனிகளிடம் விதித்தன. 1937 இன் மறுப்போடு ஒப்பிடத்தக்கது முத்திரையைவிட இந்நடவடிக்கையே எனலாம். ஆயினும் பேரம் பேசியவை அரசுகள்.

2024 இல் மேற்கு ஆபிரிக்காவில் மழையும் மரநோயும் விளைச்சலைக் குறைக்க, உலகச் சந்தையில் கொக்கோவின் விலை தொன்னுக்கு 10,000 டொலரையும் தாண்டியது. கானா விவசாயிக்கோ அரசு நிர்ணயித்த விலையே கிடைத்தது. அது அவ்வுச்ச விலையின் சிறு பகுதி. ஆகவே அவ்வாண்டிற் பெருந்தொகையான கொக்கோ சபையின் களஞ்சியங்களை வந்தடையவில்லை. உரிய விலை கிடைக்குமிடத்தை நாடி, மூட்டை மூட்டையாக இரவிலே எல்லைகளைக் கடந்து அயல் நாடுகளுக்குச் சென்றது.